பைக் டிஸ்க்குக்கு எந்த உலோகம்? வாங்கும்முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

ஒரு சிறிய காந்தத்தை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போங்கள். நல்ல எவர்சில்வர் தட்டில் வைத்தால் ஒட்டாது, காய் நறுக்கும் ஸ்டீல் கத்தியில் வைத்தால் ஒட்டும். அதே காந்தத்தை பைக்கின் முன் பிரேக் டிஸ்க்கில் வைத்துப் பாருங்கள். டப்பென்று பிடித்துக்கொள்ளும். மூன்றும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்தான். ஆனால் டிஸ்க் சேர்ந்தது கத்தியின் குடும்பத்தில், தட்டின் குடும்பத்தில் அல்ல. டிஸ்க் வாங்கும்போது ஏமாறுகிறவர்களில் பலர் இந்த இடத்தில்தான் ஏமாறுகிறார்கள். “ஸ்டெயின்லெஸ் சார், துருவே பிடிக்காது” என்று கடைக்காரர் சொன்னால், எந்த ஸ்டெயின்லெஸ் என்பதுதான் அடுத்த கேள்வி.

தட்டு செய்யும் 304 வகையில் சுமார் 18 சதவீதம் குரோமியமும் 8 சதவீதம் நிக்கலும் இருக்கும். குரோமியம் இவ்வளவு இருப்பதால் துரு அண்டாது, ஆனால் நிக்கல் இருப்பதால் எவ்வளவு காய்ச்சித் தோய்த்தாலும் கடினமாகாது. சூட்டைக் கடத்துவதிலும் மந்தம். ஒவ்வொரு டிகிரி சூட்டுக்கும் டிஸ்க் செய்யும் ஸ்டீலைவிட ஒன்றரை மடங்குக்கும் மேல் விரியும். பிரேக் டிஸ்க்குக்கு இந்த மூன்று குணங்களும் ஆகாதவை.

டிஸ்க்குக்குப் பயன்படுவது 410, 420 என்ற எண்களில் வரும் மார்ட்டென்சிட்டிக் வகை. குரோமியம் 12, 13 சதவீதம் இருக்கும், நிக்கல் கிட்டத்தட்ட இருக்காது. சுமார் 1000 டிகிரி செல்சியஸ் வரை காய்ச்சிச் சட்டெனக் குளிர்வித்தால் கடினமாகிவிடும். பைக் டிஸ்க்குக்கென்றே ஜப்பானிய ஆலைகள் உருவாக்கிய ரகம் ஒன்று உண்டு, 410 டிபி. இதில் கார்பன் 0.06 சதவீதம் அளவுக்குக் குறைவு, மாங்கனீஸ் ஒன்றரை சதவீதம் அளவில் இருக்கும். கார்பன் இவ்வளவு குறைவாக வைப்பதற்குக் காரணம், காய்ச்சிக் குளிர்வித்த மாத்திரத்திலேயே ராக்வெல் சி அளவுகோலில் 32 முதல் 38 வரையிலான கடினம் கிடைத்துவிடும் என்பது. கடினத்தைச் சற்றுத் தணிக்க மறுபடி சூடேற்றும் வேலை மிச்சம்.

ஏன் 32 முதல் 38? அதற்குக் கீழே போனால், டிஸ்க்கை இரு பக்கமும் கவ்வும் பிரேக் பேட் அதைச் சுரண்டிக் கோடு கோடாகப் பள்ளம் போடும். மேலே போனால் கிறீச்சொலி வரும், துளைகளின் ஓரத்தில் விரிசல் விடும் வாய்ப்பும் கூடும். ஆக, ஒரே 410 தகட்டை இரண்டு பட்டறைகள் வாங்கி, ஒன்று சரியாக ஹீட் ட்ரீட்மென்ட் (காய்ச்சிக் குளிர்விக்கும் வேலை) செய்து, இன்னொன்று செய்யாமல் விட்டால், பார்வைக்கு இரண்டும் ஒன்றாகவே இருக்கும். ரகத்தின் பெயரைவிட ஹீட் ட்ரீட்மென்ட் முக்கியம் என்பது இதனால்தான்.

டிஸ்க் எவ்வளவு சூடாகும்?

எந்தப் பொருள் நல்லது என்று பேசும்முன் அது தாங்க வேண்டிய சூட்டைக் கணக்குப் போட்டுவிடலாம். பைக்கும் ஓட்டுபவருமாகச் சேர்ந்து 250 கிலோ, வேகம் மணிக்கு 100 கிலோமீட்டர். நின்றுவிட வேண்டுமென்றால் சுமார் 96 கிலோஜூல் ஆற்றல் சூடாக மாற வேண்டும். முன் பிரேக் அதில் 70 சதவீதத்தை ஏற்கிறது என்றால் 67 கிலோஜூல். 300 மி.மீ. விட்டமும் 5 மி.மீ. தடிமனும் உள்ள டிஸ்க்கில் பேட் உரசும் வளையம் மட்டும் ஏறக்குறைய ஒரு கிலோ இருக்கும். ஒரு கிலோ ஸ்டீலை ஒரு டிகிரி உயர்த்த 0.46 கிலோஜூல் போதும். எல்லாச் சூடும் வளையத்திலேயே தங்கினால், ஒரே ஒரு முறை பிரேக் பிடித்ததில் சுமார் 145 டிகிரி ஏறும். இதுவே 60 கிலோமீட்டர் வேகத்திலிருந்து என்றால் 50 டிகிரிதான். வேகம் இரட்டிப்பானால் சூடு நான்கு மடங்கு.

நகரத்துக்குள் இது ஒரு பொருட்டே அல்ல. அடுத்த சிக்னல் வருவதற்குள் காற்று ஆற்றிவிடும். மலை இறக்கம்தான் உண்மையான சோதனை. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்குவதை நினைத்துக்கொள்ளுங்கள். அதே 250 கிலோ, ஆயிரம் மீட்டர் உயரம் இறங்கினால் வெளியேற்ற வேண்டிய ஆற்றல் 2,450 கிலோஜூல். மணிக்கு 100 கிலோமீட்டரிலிருந்து 25 முறை நிற்பதற்குச் சமம். இன்ஜினும் காற்றும் கணிசமாகப் பங்கு எடுத்துக்கொள்ளும், அதுவும் கியரில் இறங்கினால்தான். நியூட்ரலில் இறங்குபவரின் டிஸ்க் கிட்டத்தட்ட முழுச் சுமையையும் சுமக்கிறது.

சூடு எவ்வளவு ஏறியது என்பதை டிஸ்க்கே காட்டிக்கொடுக்கும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் 350 டிகிரி வாக்கில் வைக்கோல் நிறமாகும், 400ஐத் தாண்டினால் பழுப்பு, ஊதா, 500ஐக் கடந்தால் நீலம். வழக்கமான 410 வகை டிஸ்க் 500 டிகிரிக்கு மேல் நெடுநேரம் இருந்தால் கடினத்தை இழக்கத் தொடங்கும். எனவே பழைய பைக் வாங்கும்போது டிஸ்க்கின் ஆரங்களிலும் துளை ஓரங்களிலும் நீலம் படர்ந்திருந்தால், பேடைத் தாங்கும் கேலிபரில் அதை அழுத்தும் பிஸ்டன் இறுகிப்போய் பேட் விடாமல் உரசியிருக்கிறது என்றோ, மலையில் பிரேக்கை அழுத்திக்கொண்டே இறங்கியிருக்கிறார்கள் என்றோ எடுத்துக்கொள்ளலாம். லேசான வைக்கோல் நிறத்துக்குப் பயப்பட வேண்டியதில்லை.

வார்ப்பிரும்பு ஏன் இல்லை?

கார்களில் டிஸ்க் பெரும்பாலும் சாம்பல்நிற வார்ப்பிரும்புதான். அது சூட்டைக் கடத்தும் திறன் 410ஐப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. உள்ளே இதழ் இதழாகக் கிடக்கும் கிராஃபைட் அதிர்வை விழுங்குவதால் சத்தமும் குறைவு. சாதாரண பேடுடனும், குளிர்ந்த நிலையிலும், நன்றாகக் கவ்வும். விலையும் மலிவு. இவ்வளவு இருந்தும் பைக்கில் அது நிலைக்கவில்லை.

முதல் காரணம் வலிமை. சாம்பல்நிற வார்ப்பிரும்பு இழுவிசையில் பலவீனமானது. கடினப்படுத்திய 410 அதைப்போல நான்கு மடங்கு இழுவிசையைத் தாங்கும். 4, 5 மி.மீ. தடிமனில் துளை போட்டு, இதழ் போல வெட்டி, கல்லும் பள்ளமும் படும் இடத்தில் வெளியே தெரியும்படி மாட்ட ஸ்டீல்தான் தைரியமான தேர்வு. இரண்டாவது காரணம் அழகு. மழையில் நனைந்த வார்ப்பிரும்பு டிஸ்க் மறுநாள் காலையில் செம்மண் பூசியதுபோல் இருக்கும். நாலு முறை பிரேக் பிடித்தால் போய்விடும், பிரேக்குக்கு ஒரு பங்கமும் இல்லை. ஆனால் ஷோரூமில் நிற்கும் புது வண்டியில் அதை யார் பார்க்க விரும்புவார்கள்?

1969இல் வந்த ஹோண்டா சிபி750, முன் சக்கரத்தில் ஹைட்ராலிக் டிஸ்க்கைப் பெருவாரியான உற்பத்திக்குக் கொண்டுவந்த வண்டி. அதில் இருந்தது ஸ்டெயின்லெஸ் டிஸ்க். மற்ற ஜப்பானிய நிறுவனங்களும் அதே வழியில் போயின. டுகாட்டி, நார்ட்டன் போன்ற ஐரோப்பிய வண்டிகள் எழுபதுகளில் வார்ப்பிரும்பு டிஸ்க்கை வைத்திருந்தன. அக்கால பேடுகளுடன் ஸ்டெயின்லெஸ் டிஸ்க் மழையில் மிக மோசம். லிவரை இழுத்தபின், தண்ணீர் விலகிப் பேட் கவ்வச் சிறிது நேரம் பிடிக்கும். அந்தக் கெட்ட பெயரைப் போக்கியது டிஸ்க் அல்ல, பின்னால் வந்த, உலோகப் பொடியை இறுக்கிச் செய்யும் சின்டர்டு பேட்.

மற்ற பொருள்களைச் சீக்கிரம் முடித்துவிடலாம். மோட்டோ ஜிபி பந்தயத்தில் கார்பன் டிஸ்க். எடை மிகக் குறைவு, 800 டிகிரியிலும் சோராது, ஆனால் சுமார் 250 டிகிரிக்குக் கீழே சரியாகக் கவ்வாது. ஈரத்தில் ஓடும்போது சூடு இறங்கிவிடாமலிருக்க டிஸ்க்கின் மேல் மூடி போடுகிறார்கள். பால் வாங்கப் போகும் வண்டியில் அது பிரேக்கே அல்ல. கடைகளில் வளைய நடுப்பகுதி கறுப்பாக, ‘கார்பன்’ என்று ஸ்டிக்கர் ஒட்டி விற்பது வெறும் பெயிண்ட். ஷோரூம் பைக்கை அடிப்படையாகக் கொண்ட உலக சூப்பர்பைக் பந்தயத்தில் இன்றும் ஸ்டீல் டிஸ்க்தான் என்பதை நினைவில் வையுங்கள். அலுமினியம் 660 டிகிரியில் உருகும், அதற்கு வெகு முன்பே மென்மையாகிவிடும். உரசும் வளையத்துக்கு அது உதவாது, நடுவில் தாங்கும் கேரியருக்கு மிகப் பொருத்தம். டைட்டானியம் எடை குறைந்ததுதான், ஆனால் சூட்டை மிகக் குறைவாகவே கடத்தும், உரசினால் ஒட்டிக்கொண்டு பிய்யும். தங்க நிறத்தில் பளபளக்கும் டைட்டானியம் நைட்ரைடு பூச்சு பேட் உரசும் இடத்தில் சீக்கிரமே தேய்ந்துவிடும்.

ஆகவே தெருவில் ஓடும் வண்டிக்கு ‘எந்தப் பொருள்’ என்ற கேள்விக்கு விடை ஏற்கனவே தீர்ந்துவிட்டது: சரியாக ஹீட் ட்ரீட்மென்ட் செய்த மார்ட்டென்சிட்டிக் ஸ்டெயின்லெஸ். நீங்கள் தேர்ந்தெடுக்க வேண்டியவை வேறு மூன்று. டிஸ்க் ஒரே துண்டா, ஃப்ளோட்டிங்கா? எந்த பேட்? தடிமன் எவ்வளவு?

ஒரே துண்டும் ஃப்ளோட்டிங்கும்

300 மி.மீ. டிஸ்க் 300 டிகிரி சூடேறினால் அதன் விட்டம் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் பெரிதாகும். வளையம் கொதிக்கிறது, சக்கரத்தின் மையமான ஹப்பில் போல்ட் போட்ட நடுப்பகுதி குளிர்ந்தே இருக்கிறது. விரிய இடமில்லாத வளையம் பக்கவாட்டில் குவிந்து தட்டுபோல் வளையும். ஆறியதும் பெரும்பாலும் பழைய நிலைக்கு வந்துவிடும். அடிக்கடி நடந்தால் வராது. ஒரே துண்டு டிஸ்க்கில் ஆரங்களைச் சாய்வாகவும் மெல்லியதாகவும் வெட்டியிருப்பது அழகுக்கு மட்டுமல்ல. அந்த ஆரங்கள் நெகிழ்ந்து விரிவை வாங்கிக்கொள்ளும்.

ஃப்ளோட்டிங் வகையில் ஸ்டீல் வளையமும் அலுமினியக் கேரியரும் தனித்தனி. இடையே பாபின் எனப்படும் உருளைப் பொத்தான்கள். வளையம் எல்லாப் பக்கமும் தாராளமாக விரியலாம், எடையும் குறையும். கையால் ஆட்டினால் லேசாக ஆடும், அது குறையல்ல. பாபின் தேய்ந்து, பிரேக் பிடிக்கும்போதும் விடும்போதும் ‘கிளக்’ என்று அடித்தால்தான் குறை. சேறும் பிரேக் தூசியும் அடைத்துப் பாபின் இறுகிவிட்டால் ஃப்ளோட்டிங் டிஸ்க் ஒரே துண்டு டிஸ்க்கைவிட மோசமாக நடந்துகொள்ளும். கழுவும்போது பாபினைக் கையால் சுழற்றிப் பார்ப்பது நல்ல பழக்கம். 150, 160 சிசி வண்டியில் தினமும் அலுவலகம் போய் வருபவருக்கு ஃப்ளோட்டிங் டிஸ்க் வீண் செலவு என்பதே எங்கள் கருத்து. அந்தப் பணத்துக்கு நல்ல பேடும் நல்ல டயரும் வாங்கலாம்.

டிஸ்க்குக்கு ஏற்ற பேட்

டிஸ்க்கைத் தனியாகப் பேசுவதில் பொருளில்லை. உராய்வு என்பது இரண்டு பொருள்களின் கூட்டுக் கணக்கு. ஆர்கானிக் பேட் நார்களையும் பிசினையும் சேர்த்து இறுக்கியது. டிஸ்க்கை அதிகம் தேய்க்காது, சத்தம் குறைவு, ஆனால் 300, 350 டிகிரியைத் தாண்டும்போது பிசின் சிதைந்து வாயு கிளம்பிப் பிடிப்பு தளர்ந்துவிடும். சின்டர்டு பேட் என்பது செம்பு முதலான உலோகப் பொடிகளைச் சூட்டிலும் அழுத்தத்திலும் இறுக்கியது. சூட்டையும் மழையையும் தாங்கும், டிஸ்க்கைக் கூடுதலாகத் தேய்க்கும். இடைப்பட்டது செமி மெட்டாலிக்.

பேடின் முதுகுத் தகட்டில் இரண்டு ஆங்கில எழுத்துகள் அச்சிட்டிருந்தால் அது உராய்வுக் குறியீடு. முதல் எழுத்து குளிர்ந்த நிலைக்கு, இரண்டாவது சூடான நிலைக்கு. எஃப் என்றால் உராய்வுக் கெழு 0.35 முதல் 0.45 வரை, ஜி என்றால் 0.45 முதல் 0.55 வரை, எச் என்றால் அதற்கும் மேல். ‘ஜிஎஃப்’ என்று இருந்தால் சூடானதும் பிடிப்பு குறையும் என்று பொருள். அந்த எழுத்துகள் தேய்மானத்தைப் பற்றியோ தரத்தைப் பற்றியோ எதுவும் சொல்வதில்லை.

கடினப்படுத்திய ஸ்டெயின்லெஸ் டிஸ்க்குக்குச் சின்டர்டு பேட் பொருந்தும். அதே பேடை விலை மலிவான, ஹீட் ட்ரீட்மென்ட் சரியில்லாத டிஸ்க்குடன் போட்டால் சில ஆயிரம் கிலோமீட்டரிலேயே பள்ளம் விழும். பழைய வார்ப்பிரும்பு டிஸ்க் வைத்த வண்டியைப் புதுப்பிப்பவர்கள் ஆர்கானிக் பேடோடு நிறுத்திக்கொள்வதே நல்லது. இன்னொன்றும் உண்டு: சின்டர்டு பேட் உலோகம் என்பதால் சூட்டைக் கேலிபருக்குள் கடத்தும். உள்ளே இருக்கும் டாட் 4 ரக பிரேக் ஆயில் புதியதாக இருக்கும்போது கொதிநிலை குறைந்தது 230 டிகிரி, ஈரம் உறிஞ்சிய பிறகு 155 வரை இறங்கலாம். சின்டர்டுக்கு மாறுபவர் பழைய பிரேக் ஆயிலை அப்படியே விட்டுவைக்கக் கூடாது.

கடையில் பார்க்க வேண்டியது

காந்தம் முதல் வடிகட்டி. ஒட்டவில்லை என்றால் அந்த டிஸ்க்கை வாங்கவே வேண்டாம். ஒட்டிவிட்டால் மட்டும் நல்லது என்றும் ஆகாது, சாதாரண இரும்புத் தகட்டிலும் காந்தம் ஒட்டும். இரும்புத் தகட்டில் வெட்டிய போலி டிஸ்க்கை அடையாளம் காண எளிய வழி, பேட் உரசும் இடத்தைத் துடைத்து ஈரத்துணியை ஓர் இரவு போட்டு வைப்பது. காலையில் தடித்த செந்துரு இருந்தால் அது ஸ்டெயின்லெஸ் அல்ல. 410 வகையிலும் கடற்கரை ஊர்களில் துளை ஓரங்களில் மெல்லிய தேநீர்க் கறை வரும், 12 சதவீதக் குரோமியத்துக்கு உப்புக் காற்றிடம் அவ்வளவுதான் தாக்குப்பிடிக்கும் சக்தி. அதைக் கண்டு போலி என்று முடிவு கட்ட வேண்டாம். அரம் போட்டுக் கடினம் பார்ப்பவர்கள் உண்டு. அரம் 60க்கும் மேற்பட்ட ராக்வெல் கடினம் கொண்டது, நல்ல டிஸ்க்கையும் கீறும். அந்தச் சோதனையை நம்ப வேண்டாம்.

பெயர்பெற்ற தயாரிப்பில் டிஸ்க்கின் நடுப்பகுதியில் குறைந்தபட்சத் தடிமன் பொறித்திருக்கும், பாக எண்ணும் இருக்கும். பொறிப்பே இல்லாத டிஸ்க்கை எவ்வளவு தேயும்வரை ஓட்டலாம் என்று யாராலும் சொல்ல முடியாது. பெரும்பாலான வண்டிகளில் புது டிஸ்க்குக்கும் குறைந்தபட்ச அளவுக்கும் இடையில் அரை மில்லிமீட்டர்தான் வித்தியாசம். அதனால் அளப்பதில் தவறு செய்யக் கூடாது. தேய்ந்த டிஸ்க்கின் வெளி விளிம்பில் பேட் தொடாத இடம் ஒரு வரப்பாக நிற்கும். வெர்னியரைப் போட்டால் அதன் நீண்ட தாடை வரப்பில் உட்கார்ந்து, தேய்மானமே இல்லை என்று காட்டும். மைக்ரோமீட்டர் இல்லையென்றால் ஒரே மாதிரியான இரண்டு நாணயங்களை டிஸ்க்கின் இரு பக்கமும் வரப்புக்கு உள்ளே வைத்து மொத்தமாக அளந்து, நாணயங்களின் தடிமனைக் கழித்துவிடுங்கள். ஆறு இடங்களிலாவது அளந்து, அவற்றில் சிறிய எண்ணைத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

பிரேக் பிடிக்கும்போது லிவர் துடிக்கிறதென்றால் ‘டிஸ்க் பெண்டு’ என்று உடனே மாற்றச் சொல்வார்கள். மாற்றும்முன் டயல் கேஜ் என்ற அளவுக் கருவியை வைத்து, டிஸ்க் சுழலும்போது பக்கவாட்டில் எவ்வளவு ஆடுகிறது என்று பாருங்கள். பல சர்வீஸ் மேனுவல்களில் அனுமதி எல்லை 0.3 மி.மீ. ஆட்டம் அதற்குள் இருந்தும் துடிப்பு இருந்தால், பேடின் பொருள் டிஸ்க்கில் ஓரிடத்தில் திட்டாகப் படிந்திருக்கலாம், அல்லது தடிமன் இடத்துக்கிடம் மாறியிருக்கலாம். திட்டை நைசான எமரித்தாளால் வட்டமாகத் தேய்த்து, பிரேக் கிளீனரால் துடைத்தால் பல சமயம் சரியாகிவிடும். ஹப்பின் முகத்தில் ஒட்டிய துருத்துணுக்கோ பெயிண்ட் கட்டியோகூட நல்ல டிஸ்க்கை ஆட்டிவைக்கும்.

மாட்டும்போதும் முதல் சில நாள்களிலும்

புது டிஸ்க் துருப்பிடிக்காமலிருக்க எண்ணெய் பூசி வரும். இரு பக்கமும் பிரேக் கிளீனரால் துடைக்காமல் மாட்டினால் முதல் அழுத்தலிலேயே பேடுகள் எண்ணெய் குடித்துவிடும், பிறகு அவற்றைத் தூக்கிப்போட வேண்டியதுதான். ஹப் முகத்தைக் கம்பி பிரஷ்ஷால் சுத்தம் செய்து, போல்ட்டுகளுக்குத் திரெட் லாக் (கழலாமல் பிடிக்கும் பசை) இட்டு, எதிரெதிராக மூன்று சுற்றில், மேனுவல் சொல்லும் டார்க்குக்கு (முறுக்கு விசைக்கு) முறுக்க வேண்டும். ஏபிஎஸ் வண்டியில் டிஸ்க்கோடு வரும் பல்வளையத்தைத் தரையில் போட்டுவிடாதீர்கள். ஒரு பல் வளைந்தாலும் சென்சார் குழம்பி விளக்கு எரியும். பழைய பேடை மீண்டும் போடுவதும் கூடாது. பழைய டிஸ்க்கின் பள்ளங்களுக்கேற்பத் தேய்ந்த பேட், புது டிஸ்க்கை மேடான சில கோடுகளில் மட்டும் தொட்டு, அந்த இடங்களை மட்டும் தீயாய்ச் சுட வைக்கும்.

பிறகு ஆளில்லாத சாலையில் மணிக்கு 50 கிலோமீட்டரிலிருந்து 10 வரை மிதமாக இருபது, முப்பது முறை வேகம் குறைக்க வேண்டும், இடையிடையே ஆற விட்டு. முழுதாக நிறுத்தக் கூடாது. சூடான பேட் டிஸ்க்கில் நின்ற இடத்தில் முத்திரை குத்திவிடும், பின்னால் வரும் துடிப்புக்கு அதுவே வித்து.

மலையில் பிரேக் கைவிடுவது இரண்டு விதமாக வரும், கையே வேறுபாட்டைச் சொல்லும். லிவர் வழக்கம்போல இறுக்கமாக இருக்கிறது, ஆனால் வண்டி நிற்க மறுக்கிறது என்றால் பேட் சூட்டில் சோர்ந்துவிட்டது. லிவர் பஞ்சுபோல் அமுங்கி ஹேண்டில்பார்வரை வருகிறதென்றால் ஆயில் கொதித்துக் குமிழி கட்டிவிட்டது. முதல் வகையில் லிவரை இன்னும் அழுத்தினால் கொஞ்சம் பலன் உண்டு. இரண்டாவதில் லிவரைத் திரும்பத் திரும்ப வேகமாக இழுத்து விட்டால் ஓரளவு அழுத்தம் திரும்பும், உடனே கியரைக் குறைத்துப் பின் பிரேக்கோடு ஓரம் கட்ட வேண்டும். நின்றபின் முன் லிவரைப் பிடித்துக்கொண்டே நிற்காதீர்கள், டிஸ்க்கில் தண்ணீரும் ஊற்றாதீர்கள். இருபது நிமிடமாவது ஆறட்டும். டிஸ்க்கின் நிறத்தைப் பாருங்கள். ஆயில் கொதித்த வண்டியில் லிவர் பழைய இறுக்கத்துக்குத் திரும்பினாலும், மெதுவாக இறங்கி, அடுத்த பயணத்துக்குமுன் ஆயிலை மாற்றிவிட வேண்டும்.